அக்கா வீட்டுக் கடல்

பவளம் என்றால் நம்மவர்களுக்கு நினைவு வருவது செவ்வாய் தோஷம்தான். மோதிர விரலில் ஒரு சிவப்புத் துண்டு. அதைக் கட்டித் தர ஒரு தட்டாசாரி. கட்டச் சொல்ல ஒரு ஜோசியர். அந்தத் துண்டு ஒரு காலத்தில் ஓர் உயிர்க்கூட்டத்துக்கு எலும்பாக இருந்தது, அந்த உயிர்களுக்கு வாயும் வயிறும் பசியும் இருந்தன என்று அணிந்துகொள்கிறவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்? மோதிரத்தில் இருக்கும் சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. மன்னார் வளைகுடாவில் பாறை கட்டுகிற பவளம் வேறு ஜாதி. இரண்டுக்கும் பெயர் ஒன்றாகப் போய்விட்டது. ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவை பிராணிகள் என்று சொன்னதற்காக ஒரு மனிதர் பட்ட பாட்டை எங்கோ படித்திருக்கிறேன். 1720-களில் மார்ஸேல்ஸ் நகரத்து வைத்தியர் பெஸ்ஸோனல் என்பவர், பவளத்தில் விரிவது பூ அல்ல, பூச்சி போன்ற ஜீவன் என்று கண்டுபிடித்தார். அதுவரை விஞ்ஞானிகளும் அதைக் கடற்செடியின் மலர் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். பாரிஸில் அப்போது பெரிய புள்ளியாக இருந்த ரேயோமூர், அந்தக் கண்டுபிடிப்பைச் சபையில் சொன்னபோது பெஸ்ஸோனலின் பெயரையே சொல்லவில்லையாம். இத்தனை அபத்தமான கருத்தைச் சொன்னவர் இன்னார் என்று தெரிந்தால் அந்த மனிதருக்கு அவமானம் அல்லவா என்ற நல்லெண்ணம்! ஏறக்குறைய 15 வருஷம் கழித்துத்தான் அவரே ஒப்புக்கொண்டார். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த விதமான நல்லெண்ணம் பழக்கமானது. விமர்சகர்களிடமிருந்து அடிக்கடி கிடைக்கும்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது சிங்கப்பூரில், என் அக்காவின் வீட்டில்.

அக்காவுக்கு வாழ்க்கைப்பட்ட இடம் சிங்கப்பூர். அத்தான் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். அடுக்குமாடியில் பத்தாவது மாடி. வரவேற்பறையில் சுவாமி படங்களுக்கு எதிர்ச் சுவரில் இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. மீன் தொட்டிதானே என்று யாரும் அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது. மீன்கள் அதில் இரண்டே இரண்டு. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். மற்றதெல்லாம் பவளம். உயிருள்ள பவளம்.

நம் நாட்டில் இப்படி வைத்துக்கொள்ள முடியாது. பாறை கட்டும் பவளங்களை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. அதற்கு முன்பு தூத்துக்குடிப் பக்கத்தில் பவளக்கல்லைப் பாறை பாறையாகப் பெயர்த்துச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். அப்படிப் பெயர்த்ததில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் அமிழ்ந்து போயின. சட்டம் வந்தது நியாயம்தான். சிங்கப்பூரில் முறையான அனுமதியோடு வெளிநாட்டிலிருந்து வருகிறவற்றைக் கடையில் விற்கிறார்கள். என் மருமகன் வாங்கியது அப்படித்தான். 15 வயதில் கைச்செலவுப் பணத்தை மிச்சம் பிடித்து, ஒவ்வொரு துண்டாக.

அவன் அதிகம் பேசாத பையன். அத்தானும் அப்படியே. வீட்டில் பேச்சுக்குப் பாத்தியதை உள்ளவள் அக்கா ஒருத்திதான். "அம்மா, இங்கே வந்து பாரேன், புதுசா ஒரு வாய் திறந்திருக்கு" என்று அவன் கூப்பிடுவானாம். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அவள் போய்ப் பார்ப்பாளாம். ஒன்றும் புரியாவிட்டாலும் "ஆமாண்டா" என்பாளாம். "அவன் என்னோட பேசறதே அதைப் பத்தித்தான் தம்பி" என்று அவள் என்னிடம் சொன்னபோது, நான் அந்தத் தொட்டியை மறுபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

நான் போயிருந்தது ஒரு புத்தக விழாவுக்கு. விழா இரண்டே நாள். அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்குவதாக ஏற்பாடு. நான் போய் இறங்குவதற்கு எட்டு நாள் முன்புதான் மருமகனைத் தேசிய சேவைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டில் ஆண்பிள்ளைகள் 18 வயது ஆனதும் இரண்டு வருஷம் படையில் சேவை செய்ய வேண்டும். ஆரம்பப் பயிற்சி தெக்கோங் என்ற தீவில். அக்காவும் அத்தானும் படகில் கூடவே போய் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ராத்திரியில் கொஞ்ச நேரம் டெலிபோனில் பேசலாம், அவ்வளவுதான்.

போவதற்கு முன் பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தான். மீனுக்கு எத்தனை இரை, விளக்கு எத்தனை மணிக்குத் தானாக எரியும், எப்போது அணையும், தண்ணீர் எந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அக்கா அதை வேத வாக்கியமாக நடத்திக்கொண்டிருந்தாள். ஆனால் அவன் போன நாலைந்து நாளிலேயே பவளங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது.

நான் பார்த்த நிலைமை இது: சுத்தியல் பவளம் என்று அவர்கள் சொல்லுகிற ஒன்று. மூன்று தலைகள், ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாக நீண்டு, நுனியில் சுத்தியல் போல முடிகிற பச்சை விரல்கள் நீரோட்டத்தில் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அது விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, வெள்ளை எலும்பின் விளிம்பு தெரிய உட்கார்ந்திருந்தது. பொத்தான் பவளங்கள் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தன. குடைக்காளான் வடிவத்தில் ஒரு தோல் பவளம். அதன் தலை முழுவதும் பஞ்சு போல நூல்கள் இருக்க வேண்டும். ஒன்றைக்கூடக் காணோம், மெழுகு பூசினது போல மங்கிப் போய், சுருங்கி நின்றது. கோமாளி மீன்கள் மட்டும் தங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதது போலச் சுற்றிக்கொண்டிருந்தன.

"அவன்கிட்டே சொல்லிடாதே" என்றாள் அக்கா. "அங்கே என்ன பாடு படறானோ. இதையும் கேட்டா ராத்திரி தூங்க மாட்டான்."

"அவன் கேட்டால்?"

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

இப்படிச் சொல்லிவிட்டு, முந்தானையால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தாள். உள்பக்கம் அல்லவா துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

பவளத்துக்கு உடம்பு சரியில்லை என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஏன் சரியில்லை என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அது அழாது, இருமாது. அதற்குத் தெரிந்தது இரண்டே காரியம்: விரிவது, மூடிக்கொள்வது. சூடு அதிகமானாலும் மூடும், விளக்கு அதிகமானாலும் மூடும், பக்கத்துப் பவளம் தொட்டாலும் மூடும். குழந்தை வைத்தியர்களின் கஷ்டம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அத்தானுக்கு ஒரு கட்சி இருந்தது. வெள்ளிக்கிழமை அக்கா போடுகிற சாம்பிராணிப் புகைதான் காரணம் என்றார். காற்றில் இருப்பது தண்ணீரில் கரையும்; கொசு மருந்து அடித்தால்கூடத் தொட்டிக்கு ஆகாது என்று பையனே சொல்லியிருக்கிறான் என்று ஆதாரமும் காட்டினார். அக்கா ஒன்றும் பதில் சொல்லாமல் தூபக்காலை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். இருபத்தைந்து வருஷம் விடாமல் செய்துவந்த காரியம். அந்தப் பூட்டுச் சத்தம் எனக்கு நன்றாக இல்லை.

ஆகவே மறுநாள் காலை, அத்தான் வேலைக்குப் போனதும், மருமகனுடைய நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் ரசாயனம் உண்டு. சீசாவும் சொட்டுக் குழாயும் எனக்கு அந்நியமல்ல.

பவளத்தைப் பற்றிய அடிப்படைச் சமாசாரம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதன் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. மாடியில் குடிவைத்தவன் வாடகையைச் சர்க்கரையாகக் கொடுத்தால் எப்படியோ அப்படி. வெளிச்சத்தில் பாசி சர்க்கரை தயாரிக்கிறது. அதில் பெரும்பகுதி வீட்டுக்காரனுக்கு. பவளத்தின் சாப்பாட்டில் முக்கால்வாசியும் இந்த வாடகைதான். கடல் அளவுக்கு மேல் சூடாகி அந்தச் சூடு வாரக்கணக்கில் நீடித்தால் வீட்டுக்காரனுக்கும் குடித்தனக்காரனுக்கும் பிணக்கு வந்து, பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் வெளுத்து நிற்கிறது. உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் இல்லை. சிங்கப்பூர்க் கடலிலேயே 1998, 2010, 2016, 2024 என்று இப்படி வெளுத்திருக்கிறது. 2024 ஏப்ரலில், உலகம் பூராவும் நாலாவது தடவையாக வெளுப்பு நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

முதலில் நான் பார்த்தது அந்த வெளுப்பு உண்டா என்றுதான். இல்லை. சுருங்கியிருந்தனவே தவிர நிறம் இருந்தது. உஷ்ணமானி 27 என்று காட்டியது. தொட்டியின் தலைமேல் ஒரு குட்டி விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே 32 டிகிரி வேகும் ஊரில், தண்ணீரின் மேல் காற்றடித்தே அதைக் குளிர வைக்கிறான் பையன். நம் வீட்டு மண்பானை செய்கிற வேலைதான். சூடு காரணமல்ல. நீல விளக்கு அவன் வைத்த நேரத்துக்கு வைத்தபடி எரிந்தது, அதுவும் அல்ல. தண்ணீரை ஓடவிடும் சின்ன மோட்டாரில் கையை வைத்துப் பார்த்தேன். வேகம் சரியாகத்தான் இருந்தது.

கையை வைத்தேன் என்றேன். அதற்கு முன் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னவர் கீழ்வீட்டுச் சீனக் கிழவர். லிஃப்டில் அக்கா அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டினார். நாற்பது வருஷமாகக் கடல் மீன் வளர்த்தவராம். இப்போது முழங்கால் வலியால் விட்டுவிட்டார். பாதி இங்கிலீஷ், பாதி மலாய், நடுவில் எங்கிருந்தோ கற்றுக்கொண்ட நாலு தமிழ் வார்த்தை. பொத்தான் பவளங்களைக் காட்டி, அவற்றுக்குள் விஷம் இருக்கலாம் என்று எச்சரித்தார். வேடிக்கைப் பேச்சல்ல. ஹவாய்த் தீவில் பழைய காலத்து ஜனங்கள் ஈட்டி முனையில் தடவ வைத்திருந்த விஷம் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். 1971-ல் அதைப் பிரித்தெடுத்து பாலிடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பவளம் ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்வதாகக் கொதிக்க வைத்து, ஆவியை முகர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் உண்டு. செவ்வாய் கிரகம் பரவாயில்லை.

கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் தொட்டியையே பார்த்தார். பிறகு, "மீன் ஓகே. பவளம் எல்லாம் சேர்ந்து கோபம்" என்றார்.

இதில் முழு விஷயமும் அடங்கியிருந்தது. ஒரே ஒரு பவளம் மூடினால் அண்டை வீட்டுச் சண்டை என்று சொல்லலாம். பவளங்கள் இருக்கிற இடத்தில் இருந்துகொண்டே விஷம் கக்கியும், ராத்திரியில் நீளமான கொடுக்குகளை நீட்டியும் பக்கத்தில் இருப்பதைத் தாக்குகின்றன. எல்லாம் மூடினால் கோளாறு தண்ணீரில். ஆனால் மூச்சு முட்டுகிற கோளாறாக இருந்தால் மீன் முதலில் தத்தளிக்கும். அதுவும் இல்லை. ஆகவே மீன் பொறுத்துக்கொள்ளும், பவளம் பொறுத்துக்கொள்ளாது என்கிற தினுசில் ஏதோ ஒன்று. குழாய்த் தண்ணீரை ஊற்றினீர்களா என்று கேட்டார். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோராமின் கலக்கிறார்கள். குளோரினைப் போல ஒரு ராத்திரி திறந்து வைத்தால் பறந்து போகிற சரக்கல்ல அது. அக்கா குழாயை நான் தொடவே இல்லை என்று கையெடுத்துச் சொன்னாள்.

பையனுடைய பரிசோதனைப் பெட்டியில் காரத்தன்மை பார்க்கும் சீசா இருந்தது. ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர், அதில் சொட்டுச் சொட்டாக மருந்து. நீலம் மஞ்சளாக மாறும் வரை எண்ண வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் மாதக் கணக்காக 8, 9, 8 என்றே இருந்தது. எனக்குப் பத்தாவது சொட்டில்தான் மஞ்சளாயிற்று. சொற்ப வித்தியாசம். ஆனால் பவளம் எலும்பு கட்டக் கட்ட அந்த எண் இறங்க வேண்டுமே தவிர, யாரும் ஒன்றும் சேர்க்காமல் ஏறக் கூடாது. யாரோ எதையோ சேர்க்கிறார்கள்.

"அக்கா, தண்ணீர் குறைந்தால் என்ன செய்கிறாய்? அதை அப்படியே செய்து காட்டு" என்றேன்.

அவள் உற்சாகமாக எழுந்து, தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தாள். இரண்டு வெள்ளைக் கேன்கள். ஒன்றில் ஆர்.ஓ. என்றும், மற்றொன்றில் எஸ்.டபிள்யூ. என்றும் இங்கிலீஷில் ஒட்டியிருந்தது. ஒன்று வடிகட்டிச் சுத்தம் செய்த நல்ல தண்ணீர். மற்றது வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவதற்காகப் பையன் கலந்து வைத்துவிட்டுப் போன உப்புத் தண்ணீர். அக்கா எஸ்.டபிள்யூ. கேனைத் தூக்கி, ஒரு சொம்பில் சாய்த்து, கோடு வரைக்கும் ஜாக்கிரதையாக ஊற்றினாள்.

"எப்போதும் இதிலிருந்துதானா?"

"பின்னே? ரெண்டையும் நாக்கில வச்சுப் பார்த்தேன். அது நல்ல தண்ணி. கடல்ல இருக்கிறதுக்கு நல்ல தண்ணியை ஊத்தினா செத்துப் போயிடாதா?"

எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை. கடல் பிராணிக்குக் கடல் தண்ணீர். படித்தவர்கள் பத்துப் பேரைக் கேட்டாலும் ஏழு பேர் இதையேதான் சொல்வார்கள். நோட்டுப் புத்தகத்தில் பையன் ஆர்.ஓ. என்று எழுதியிருந்தான் என்பது உண்மை, ஆர்.ஓ. என்றால் என்ன என்று எழுதவில்லை.

எங்கள் தகப்பனார் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு நானும் அக்காவும் அவருக்குக் காப்பி கொண்டுபோவோம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஒவ்வொரு பாத்தியிலும் கண்ணாடி மிதவையை விட்டு டிகிரி பார்ப்பார்கள். கடலிலிருந்து வரும்போது மூன்று டிகிரி. வெயிலில் காயக் காயப் பத்து, பதினைந்து. இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு இறங்கும். அக்காவுக்கு எண்கள் என்னைவிட நன்றாக வரும். எந்தப் பாத்தி எத்தனை டிகிரி என்று அப்பாவுக்கு முன்னால் சொல்லிவிடுவாள். மிதவையைப் பிடிக்க அவளுக்கு மட்டும்தான் அனுமதி, நான் உடைத்துவிடுவேனாம்.

நான் அதை அவளுக்கு நினைவூட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"இந்த விசிறி அடித்துத் தினம் தண்ணீர் குறைகிறதே, அக்கா, அதில் இருந்த உப்பு எங்கே போகிறது?"

அவள் சொம்பைப் பிடித்தபடி நின்றாள். விசிறியைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். முகம் எப்படி மாறிற்று என்று எழுதிவிடலாம், எழுதப் பிடிக்கவில்லை.

"வெயில் தண்ணியைத்தானே எடுக்கும்" என்றாள் மெதுவாக. பிறகு, "அட பாவி, நான் பாத்தி கட்டிட்டேனாடா?" என்றாள்.

உப்பைப் பார்க்கப் பையன் ஒரு கருவி வைத்திருந்தான். சின்னத் தொலைநோக்கி மாதிரி. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோட்டில் எண் தெரியும். முதலில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். கருவியே பொய் சொன்னால் வீண் அலைச்சல். பிறகு தொட்டித் தண்ணீர். அக்காதான் பார்த்தாள். "நாப்பது" என்றாள்.

ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். கல்லும் மணலும் போகத் தொட்டியில் 45 லிட்டர் தண்ணீர். தினம் முக்கால் லிட்டர் வீதம் ஒன்பது நாள் உப்புத் தண்ணீர் ஊற்றியதில் ஏறக்குறையக் கால் கிலோ உப்பு கூடியிருக்கிறது. பெரிய கடலில் அது ஒன்றுமில்லை. பெரிய தொட்டியிலும் இத்தனை சீக்கிரம் தெரியாது. சின்னத் தொட்டியின் கஷ்டமே இதுதான்; சிறு சம்சாரத்தில் ஒரு விருந்தாளி வந்தாலே பட்ஜெட் ஆடுவது போல. செங்கடலில் 40-க்குப் பவளம் செழிப்பாக வளர்கிறதே என்று கேட்கலாம். அது அங்கேயே பிறந்தது. இவை இந்தோனேசியாவிலிருந்து வந்தவை. ஒன்பது நாளில் செங்கடலுக்குக் குடிபோகச் சொன்னால் எப்படி?

அக்காவுக்கு அன்றைக்கே சரிசெய்துவிட வேண்டும் என்று ஆத்திரம். ஆறு லிட்டரை இறைத்துக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரை ஊற்றிவிடலாம் என்றாள். கணக்குச் சரி, காரியம் தப்பு. கிழவர் மறுபடி வந்து கையை விரித்து, "பெலான் பெலான்" என்றார். மலாயில் மெள்ள மெள்ள என்று அர்த்தமாம். உப்பு ஏறியதைவிட அவசரமாக இறங்கினால்தான் அந்த ஜீவன்களுக்கு அதிர்ச்சி அதிகம். அவற்றின் உடம்புத் தண்ணீரும் வெளித் தண்ணீரும் ஒரே உப்பில் இருப்பவை. ஆகவே தினம் சாயங்காலம் ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு லிட்டர் நல்ல தண்ணீர். குறைகிற முக்கால் லிட்டருக்கும் நல்ல தண்ணீர். தினம் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். ஆறு நாள். பையன் வீடு திரும்புகிற வெள்ளிக்கிழமையும் அந்த ஆறாவது நாளும் ஒன்றாக அமைந்தன.

அன்று ராத்திரி அத்தானிடம் விஷயத்தைச் சொன்னோம். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், அலமாரிச் சாவியை எடுத்துத் தூபக்காலை வெளியே வைத்தார்.

அந்த ஆறு நாளும் வேறு எதையும் தொடக்கூடாது என்று நான் கண்டிப்பாக இருந்தேன். அக்காவுக்கு யார் யாரோ யோசனை சொன்னார்கள். விளக்கைக் குறைத்துப் பார், மருந்து விற்கிறதே வாங்கி விடு, பவளத்தை இடம் மாற்றிவை. ஒரே சமயத்தில் நாலு காரியம் செய்தால் பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது, செத்தாலும் அப்படியே. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1961-ல் ஒரு பத்திரிகையில் எழுதினார்: கடலிலிருந்து உயிருள்ள கல்லைக் கொண்டுவந்து போட்டு, காற்றுக் குமிழியை விட்டுவிட்டு, அதிகம் தலையிடாமல் இருந்தால் தொட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று. அதற்குப் பிறகு எத்தனையோ யந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தக் கல் இன்றைக்கும் தொட்டிகளில் இருக்கிறது.

அக்கா நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அப்பாவைப் போலக் கோடு போட்டுக் கட்டம் கட்டி, தேதியும் எண்ணும் எழுதினாள். 40, 39, 38. மூன்றாம் நாள் பொத்தான்களில் நாலைந்து அரைக் கண் திறந்தன. நாலாம் நாள் நாங்கள் ஒரு மாறுதலுக்காகத் தென்கரைக்குப் போனோம். எதிரே ஸிஸ்டர்ஸ் தீவுகள். சகோதரித் தீவுகள் என்று சொல்லலாம். 2014-ல் அந்த நாட்டின் முதல் கடற்பூங்காவாக்கிப் பாதுகாக்கிறார்கள். கடலைத் தூர்த்து நிலம் எடுத்ததில் பவளத் திட்டுகளில் பாதிக்கு மேல் போய்விட்டாலும், சுமார் 250 வகைக் கல் பவளம் இன்னும் அந்தக் கலங்கல் தண்ணீருக்குள் இருக்கிறதாம். அக்கா அங்கேயும் விரலைக் கடலில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "முப்பத்தஞ்சு இருக்காது, முப்பத்திரண்டுதான்" என்றாள். மழைக்காரக் கடல்; அவள் சொன்னது சரியாகவே இருக்கும்.

ஐந்தாம் நாள் சுத்தியலின் இரண்டு தலைகள் விரல்களை வெளியே நீட்டின. மூன்றாவது தலை நீட்டவில்லை. சதை கரைந்து, வெறும் எலும்பு மட்டும் மடிப்பு மடிப்பாக நின்றது. தோல் பவளம் அப்படியே மெழுகு பூசி நின்றது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பையன் வந்தான். தலை மழித்து, முகம் கறுத்து, ஒரு பெரிய பையோடு. அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டெலிபோனில் நல்லா இருக்குன்னு சொன்னது பொய். உப்புத் தண்ணியை ஊத்தினது நான். ஒரு தலை போச்சு. அவன் பேசாமல் தொட்டியண்டை போய்க் குனிந்து பார்த்தான். கருவியை எடுத்து ஒரு சொட்டு விட்டான். 35. பிறகு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அந்தக் கட்டங்களை வெகு நேரம் பார்த்தான்.

"இது யாரு கோடு போட்டது?"

"உங்க தாத்தா இப்படித்தான் போடுவார்" என்றாள் அக்கா.

"தாத்தா பவளம் வளர்த்தாரா?"

அவள் அன்றைக்கு உப்பளத்தின் கதையை முழுக்கச் சொன்னாள். 18 வருஷத்தில் அவனிடம் சொல்ல சந்தர்ப்பம் வரவில்லையோ, சொன்னால் கேட்க மாட்டான் என்று விட்டுவிட்டாளோ தெரியாது. பாத்தி, மிதவை, டிகிரி, காப்பித் தூக்கு. அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்; இரண்டு இடத்தில் கேள்வி கேட்டான். அத்தான் சாப்பிட்டு முடித்த பிறகும் கை கழுவ எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

தோல் பவளத்தைப் பற்றி நான்தான் கேட்டேன். அவன் சிரித்தான். "அதுக்கு ஒண்ணும் இல்லை மாமா. தோல் உரிக்கிறது. அப்பப்போ இப்படி ஒரு வாரம் பத்து நாள் மூடிக்கிட்டு, மேல்தோலைக் கழட்டிப் போட்டுட்டு, மறுபடி விரியும். உப்பு ஏறினதாலேகூட உரிச்சிருக்கலாம். தண்ணி ஓட்டத்தைக் கொஞ்சம் அதுமேலே திருப்பிவிட்டா போதும்." திருப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு தீவுக்குத் திரும்பிப் போனான். செவ்வாய்க்கிழமை காலையில் வெங்காயச் சருகு போல ஒரு தோல் பிய்ந்து தண்ணீரில் மிதந்தது. மத்தியானத்துக்குள் அந்தக் குடை முழுவதும் பஞ்சு பூத்துவிட்டது. அக்கா அதைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

கேன்களின் மேல் இப்போது தமிழில் ஒட்டியிருக்கிறது. ஒன்றில் 'நல்ல தண்ணி'. மற்றதில் 'மாத்தறதுக்கு மட்டும்'. ராத்திரி ஒன்பது மணிக்குத் தீவிலிருந்து டெலிபோன் வரும். நான் ஊருக்குக் கிளம்புகிற முந்தின நாள்கூடப் பார்த்தேன். அவள் ஓடிப்போய் எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "முப்பத்தஞ்சு" என்றாள்.